கடைக்காரருக்கும் ஒரு பாலாலயம் வேண்டாமா? ஆள் இருக்கும்போதே வணிகக் கட்டடத்தைப் புதுப்பிப்பதன் சிக்கல்கள்

கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ, அத்திப் பலகையில் வரைந்த உருவத்திலோ எழுந்தருளச் செய்து, ஒரு சிறிய தற்காலிக சன்னதியில் வைப்பார்கள். கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும், பிராகாரத்தில் மணல் குவிந்திருக்கும். ஆனால் பூஜை ஒரு நாளும் நிற்காது. வேலை முடிந்து கும்பாபிஷேகம் நடந்ததும், சாமி பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பாடல் பெற்ற தலமான காளையார்கோவிலாக இருந்தாலும் சரி, உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலாக இருந்தாலும் சரி, இதுதான் முறை. இதற்கு இளங்கோயில் என்று பழைய பெயரும் உண்டு.

இந்த ஏற்பாட்டுக்குள் மூன்று உறுதிகள் இருக்கின்றன. வேலை நடக்கும்போது எங்கே இருப்பது என்பது முன்பே முடிவாகிறது. அன்றாடக் காரியம் நிற்பதில்லை. திரும்பி வரும் இடம் எது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

அதே ஊரில், மதுரை - தொண்டி சாலையில் வாடகைக்குக் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றில் எது கிடைக்கும்? பெரும்பாலும் ஒன்றுகூடக் கிடைக்காது. "ரெண்டு மாசம் பொறுத்துக்கங்கண்ணே, மேல ஒழுகுது, முடிச்சதும் உங்களுக்கேதான்" என்று கட்டட உரிமையாளர் சொல்வார். கடைக்காரர் தலையாட்டுவார். காகிதத்தில் எதுவும் இருக்காது.

இது சின்ன ஊர்ப் பிரச்சினை என்று கடந்துபோக வேண்டாம். இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பா கட்டிய கடை வரிசையின் வாடகையை வாங்குபவராக நீங்கள் இருக்கலாம். அல்லது வாடகை இடத்தில் கிளினிக்கோ, மொபைல் கடையோ, ஸ்டூடியோவோ தொடங்கியவராக இருக்கலாம்.

பழைய சட்டம் தந்ததும் புதிய சட்டம் எடுத்ததும்

தமிழ்நாட்டில் நீண்ட காலம் இருந்தது 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீட்டு உரிமையாளர்கள் அதை எவ்வளவு திட்டினாலும், அதன் 14-ஆவது பிரிவில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. காலி செய்தால்தான் பழுது பார்க்க முடியும் என்று உரிமையாளர் கேட்டால், 'வேலை முடிந்ததும் இதே வாடகைதாரருக்கு இடத்தைத் தருகிறேன்' என்று அவர் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் காலி செய்யும் உத்தரவு கிடைக்காது. பொதுவாக 3 மாதத்துக்குள் இடத்தைத் திருப்பித் தர வேண்டும். தேவைப்பட்டால் கூடுதல் அவகாசம் கேட்கலாம்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்றால் கதை வேறு. அங்கே திரும்பி வரும் உரிமை இல்லை. அதனால் 'பழுது' என்று சொல்வதைவிட 'இடிப்பு' என்று சொல்வதே உரிமையாளருக்கு லாபமாக இருந்தது. கட்டடம் உண்மையிலேயே இடிக்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறதா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. சென்னை அண்ணா சாலையின் புகழ்பெற்ற கடிகாரக் கடையான பி.ஆர் அண்ட் சன்ஸ் வாடகைதாரராக நடத்திய வழக்கு அதில் முக்கியமானது. பிறகு 1996-ல் விஜய் சிங் வழக்கில், கட்டடத்தின் நிலை மட்டுமல்ல, உரிமையாளரின் உண்மையான நோக்கம், கட்டி முடிக்கும் பண வசதி எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது.

இப்போது அந்தச் சட்டமே இல்லை. 2017-ல் நிறைவேற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 21-ஆவது பிரிவின்படி, காலி செய்யாமல் செய்ய முடியாத பழுது, மாற்றம், மறுகட்டுமானம், இடிப்பு ஆகியவற்றுக்காக உரிமையாளர் இடத்தைத் திரும்பக் கேட்கலாம். வாடகைதாரர் மறுபடி உள்ளே வருவது? இருவரும் ஒப்புக்கொண்டால்தான்.

இந்த ஒரு மாற்றம் போதுமான அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து. முன்பு பழுதுக்காக வெளியேறியவருக்குச் சட்டமே திரும்பும் உரிமையைக் கொடுத்தது. இப்போது அதை நீங்களே பேசி வாங்க வேண்டும். பேசி வாங்காதவருக்கு ஒன்றும் இல்லை.

புதிய சட்டத்தில் வாடகைதாரருக்கு எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு, பொதுவழி விளக்கு போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. 'வேலை நடக்குது, அதான் கரண்ட் இல்ல' என்று மாதக்கணக்கில் இழுத்து, கடைக்காரர் தானாகவே ஓடும்படி செய்வது ஒரு பழைய தந்திரம். அப்படி நடந்தால் வாடகை அதிகாரியிடம் போகலாம். உள்ளே வந்து பார்க்கவோ பழுது பார்க்கவோ 24 மணி நேரம் முன்பே உரிமையாளர் தகவல் தர வேண்டும். கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், மின் வயரிங், குழாய் மாற்றுவது போன்றவை, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, உரிமையாளர் பொறுப்பு.

ஆனால் ஒரு நிமிடம். இந்தச் சட்டம் நகர்ப்புற எல்லைகளுக்கானது. 2024-ல் மாநகராட்சியான காரைக்குடியில் உள்ள கடைக்கு இது பொருந்தும். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைக்கு, உங்கள் ஒப்பந்தமும் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமும்தான் துணை. அந்தச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத மாத வாடகைக் கடையை 15 நாள் நோட்டீஸில் முடித்துவிடலாம்! 30 வருடம் ஒரே இடத்தில் கடை நடத்தியவருக்கும் அதே 15 நாள்தான். எனவே உங்கள் கடை எந்த உள்ளாட்சி எல்லையில் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல ஊர்கள் தரம் உயர்ந்துகொண்டே இருப்பதால், போன வருடத்துப் பதில் இந்த வருடம் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

வெளியே போனவர்கள் எங்கே போனார்கள்?

மதுரையில் இருந்து ஓர் உதாரணம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே இருக்கிறது திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம். 17-ஆம் நூற்றாண்டு மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்கள், புத்தகக் கடைகள், பாத்திரக் கடைகள், வளையல் கடைகள் என்று தலைமுறை தலைமுறையாக வியாபாரம் நடந்தது. பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் மாறுவேட உடைக்கு மதுரைக்காரர்கள் ஓடிய இடம் அது.

2018 பிப்ரவரி 2 இரவு, கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் இருந்த கடைகளில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்ததோடு, மண்டபத்தின் மேற்கூரையும் பல இடங்களில் இடிந்தது. அதன் பிறகு, பழமையான கல் மண்டபத்துக்குள் கடைகளை வைத்துக்கொண்டு பாதுகாப்பும் பார்க்க முடியாது, பராமரிப்பும் பார்க்க முடியாது என்ற வாதம் வலுத்தது. புதுமண்டபக் கடைகளுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த குன்னத்தூர் சத்திரம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டது. கடைகள் அங்கே மாற்றப்பட்டன.

மண்டபத்தைக் காலி செய்தது சரியா தவறா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கவனிக்க வேண்டியது வரிசையை. மாற்று இடம் தயாரானது. அதன் பிறகு ஆட்கள் நகர்ந்தார்கள். அந்த மாற்று இடமும் அதே வாடிக்கையாளர் நடக்கும் தூரத்தில் இருந்தது. குறை சொன்ன வியாபாரிகளுக்கும்கூடப் போய் நிற்க ஒரு கதவு இருந்தது.

சென்னை மூர் மார்க்கெட்டில் வரிசை தலைகீழ். 1900-ல் திறக்கப்பட்ட சிவப்புச் செங்கல் சந்தை அது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை விரிவாக்க அந்த நிலம் தேவைப்பட்டது. பேச்சு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1985 மே 30 அன்று சந்தை எரிந்துபோனது. பழைய புத்தக வியாபாரிகளும் மற்றவர்களும் பிறகு அருகில் இருந்த அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். சந்தை இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. அதன் பெயர் மட்டும் இன்னும் மூர் மார்க்கெட் வளாகம். பெயர் திரும்பி வந்தது, கடைக்காரர்கள் வரவில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

'எல்லாரும் காலி பண்ணுங்க, மொத்தமா முடிச்சுருவோம்' என்பதுதான் பெரும்பாலான உரிமையாளர்களின் முதல் யோசனை. மேஸ்திரிக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கணக்கு எப்போதும் அப்படி வருவதில்லை.

ஒரு கற்பனைக் கட்டடம். கீழே 8 கடைகள், ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் தலா 1 லட்சம். எல்லோரையும் வெளியேற்றி 10 மாதம் வேலை பார்த்தால், இழக்கும் வாடகை 6,40,000 ரூபாய். அதோடு 8 லட்சம் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் அந்த அட்வான்ஸ் பேங்கில் தூங்கிக்கொண்டா இருக்கிறது? மகள் கல்யாணத்திலோ, மாடி கட்டியதிலோ எப்போதோ கரைந்திருக்கும்.

இரண்டிரண்டு கடையாகச் செய்தால் வேலை இழுக்கும். 14 மாதம் ஆகும் என்றே வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் 2 கடை மட்டும் மூடியிருக்கும். இழப்பு 2,24,000 ரூபாய். திரும்பத் திரும்பச் சாரம் கட்ட வேண்டும், இரவு வேலைக்குக் கூலி அதிகம் என்று மேஸ்திரி 2 லட்சம் கூடுதலாகக் கேட்டாலும் மொத்தம் 4,24,000 தான். அட்வான்ஸ் பிரச்சினையும் எழாது. வேலை முடிந்தபின் புது ஆள் தேடி போர்டு மாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எண்களை உங்கள் கட்டடத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் இப்படி வராது. ஆனால் போட்டுப் பார்க்காமலேயே காலி செய்யச் சொல்வதுதான் வழக்கமாக இருக்கிறது.

எப்போது ஆள் இருக்கவே கூடாது

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் பகுதியில் கை வைத்தால், அந்தப் பகுதிக்குக் கீழே ஆள் இருக்கக் கூடாது. தூணை வெட்டுவது, பீமை மாற்றுவது, இரண்டு கடைக்கு நடுவில் உள்ள சுவரை உடைத்து ஒரே கடையாக்குவது, இருக்கும் தளத்தின் மேல் இன்னொரு மாடி ஏற்றுவது எல்லாம் இதில் சேரும்.

தென்கொரியாவின் சோல் நகரில் சாம்பூங் என்ற பல்பொருள் அங்காடி இருந்தது. எஸ்கலேட்டர் வைப்பதற்காகத் தூண்களைக் குறைத்தார்கள். மேலே கூடுதலாக ஒரு தளம் ஏற்றினார்கள். கூரையில் இருந்த பெரிய ஏசி இயந்திரங்களைத் தூக்கி வைக்காமல் இழுத்தே நகர்த்தினார்கள். தளம் விரிசல் விட்டது. 1995 ஜூன் 29 அன்று காலையிலேயே மேல்தளத்தில் விரிசல் பெரிதாகிவிட்டது. மேல்தளத்தை மூடினார்கள், கீழே வியாபாரத்தை நிறுத்த மனமில்லை. மாலையில் கட்டடம் சரிந்து 502 பேர் இறந்தார்கள். வாடகை வருமானமும் அன்றைய கல்லாவும் கண்ணை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் தேட வேண்டியதில்லை.

செட்டிநாட்டுப் பக்கம் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இங்கே கடைத்தெருவில் இருக்கும் கட்டடங்கள் ஒரே மாதிரி கட்டப்பட்டவை அல்ல. சில பழையவை: சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கனமான செங்கல் சுவர், தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலை நெட்டுக்குத்தலாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். மற்றவை பின்னால் வந்த கான்கிரீட் கட்டடங்கள். கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து உப்பி, சீலிங்கில் இருந்து துண்டு துண்டாக விழுவதுதான் நோய். சுண்ணாம்புச் சுவருக்கு வரும் நோய் ஈரம். அதன் மேல் சிமென்ட் பூசினால், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில வருடத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். மறுபடி வேலை, மறுபடி தூசி, மறுபடி கடை மூடல். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு என்பது பழைமைப் பற்றினால் சொல்வதல்ல. வாடகைதாரரை இன்னொரு முறை கிளப்பாமல் இருக்கவும் அதுவே வழி. ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் சுவர் பொது என்பதால், முதலில் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துப் பார்ப்பது அவசியம். மேஸ்திரியின் அனுபவம் பெரியதுதான், ஆனால் இந்தக் கேள்விக்கு அது போதாது.

இரவில் நடந்த இரண்டு வேலைகள்

தாங்கும் பகுதியைத் தொடாத வேலைகளை ஆள் இருக்கும்போதே செய்யலாம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைச் செய்து காட்டினார்கள். மின்சாரச் செலவைக் குறைக்க 6,514 ஜன்னல்களையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வெளியே அனுப்பினால் நாளாகும். அதனால் அதே கட்டடத்தின் 5-ஆவது மாடியில் ஒரு பட்டறையையே போட்டார்கள். இரவில் ஜன்னலைக் கழற்றி, பட்டறையில் சரிசெய்து, மறுபடி மாட்டினார்கள். அலுவலகங்கள் பகலில் வழக்கம்போல் இயங்கின. நம் அளவில் இதன் பொருள் எளிது: 8 கடையில் காலியாக இருக்கும் ஒரு கடையைப் புதிய ஆளுக்கு விடாதீர்கள். அதை முதலில் சரிசெய்து, சுழற்சிக் கடையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடைக்காரர் தன் கடை வேலை முடியும் வரை அதில் வியாபாரம் பார்ப்பார். அவர் திரும்பியதும் அடுத்தவர்.

அதே நியூயார்க்கில், 1978-ல், 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தில் இன்னோர் இரவு வேலை நடந்தது. இணைப்புகளைப் பற்றவைக்காமல் போல்ட் போட்டு இணைத்திருந்ததால், பலத்த புயலைக் கட்டடம் தாங்காது என்பது கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. தினமும் மாலை அலுவலகம் முடிந்ததும் தச்சர்கள் வந்து சுவர்ப் பலகைகளைக் கழற்றுவார்கள், வெல்டர்கள் விடியும் வரை இரும்புத் தகடுகளைப் பற்றவைப்பார்கள், காலையில் ஊழியர்கள் வரும் முன் எல்லாம் துடைத்துச் சுத்தமாகிவிடும். கட்டடம் காப்பாற்றப்பட்டது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு உண்மையான காரணம் சொல்லப்படவில்லை. 1995-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகுதான் உலகுக்கே விவரம் தெரிந்தது. பொறியியல் மாணவர்கள் இதை வியந்து படிக்கிறார்கள். வேலை வியக்கத்தக்கதுதான். மறைத்ததை வியக்க ஒன்றுமில்லை. தலைக்கு மேல் இருக்கும் கூரையின் நிலை அதன் கீழே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேப்பரில் என்ன இருக்க வேண்டும்

வாய்வார்த்தையை நம்பி ஏமாறுவதில் ஒரு நுட்பமான இடம் உண்டு. நம் ஊர்க் கடை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதம். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவுச் செலவு என்பதற்காக வந்த பழக்கம் இது. 9-ஆவது மாதத்தில் வேலைக்காகக் காலி செய்தால், வேலை முடியும்போது ஒப்பந்தமே முடிந்திருக்கும். பிறகு எதைக் காட்டித் திரும்பி வருவீர்கள்? எனவே திரும்பும் உரிமையை, பழைய ஒப்பந்தத்தின் தேதி முடிந்தாலும் செல்லும்படி, வேலை தொடங்கும் முன்பே தனியாக எழுதிக்கொள்வது நல்லது. புதிய சட்டத்தின் கீழ் வரும் ஊர் என்றால், எவ்வளவு காலத்துக்கான வாடகையாக இருந்தாலும் எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும்.

அதில் முக்கியமாக இருக்க வேண்டியது, திரும்பி வரும்போது வாடகை எவ்வளவு என்பது. 'பார்த்துப் பண்ணிக்கலாம்' என்று விட்டால், புது டைல்ஸும் கண்ணாடிக் கதவும் வந்தபின் வாடகை இரண்டு மடங்காகி, திரும்பும் உரிமை பெயரளவில் நின்றுவிடும். முதலீடு போட்ட உரிமையாளர் கொஞ்சம் கூட்டிக் கேட்பது நியாயம்தான். அந்த எண்ணை முன்பே சொல்லிவிடுவதும் நியாயம். கடை மூடியிருக்கும் மாதங்களுக்கு வாடகை கிடையாது, முகப்பை மறைத்துச் சாரம் நிற்கும் மாதங்களுக்குப் பாதி வாடகை என்பதுபோல ஏதாவது ஒரு கணக்கு இருக்கட்டும். கான்ட்ராக்டரின் டிரில்லிங் மெஷின் யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பதும் ஒரு வரி. சிரிக்காதீர்கள், கட்டடம் முழுவதும் நடக்கும் சண்டைகளில் பாதி அந்த மீட்டரில்தான் தொடங்கும்.

தேதியும் முக்கியம், சிவகங்கைப் பக்கத்தில் அது இன்னும் முக்கியம். மொட்டை மாடி ஒழுகலை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டும். தீபாவளி வியாபாரமும் அதே ஐப்பசியில்தான். மானாவாரி விதைப்பு சமயத்தில் உரக்கடையை மூடச் சொன்னால் அவர் வருடமே போச்சு. ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகக் கடையைத் தொடக் கூடாது. ஆக, தைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கி, சித்திரை வெயிலில் மேல்தள வேலையை முடித்துவிடுவதுதான் இங்கே கைகொடுக்கும் காலம். ஆடியில் நல்ல காரியம் தொடங்க மாட்டேன் என்கிற உரிமையாளருக்கும் இதில் ஆட்சேபம் இருக்காது.

வேலை நடக்கும் கடைக்கும் திறந்திருக்கும் கடைக்கும் நடுவே வெறும் தார்ப்பாய் போதாது. தூசி புகாதபடி பலகைத் தடுப்பு அடிக்க வேண்டும். ஜவுளிக்கடையில் ஒரு நாள் சிமென்ட் தூசி ஏறினால் அந்தச் சரக்கு தள்ளுபடிக்குத்தான் போகும். வெல்டிங் நடந்தால், முடிந்த பிறகும் ஒருவர் அரை மணி நேரமாவது அங்கேயே நின்று பொறி எதுவும் கனல்கிறதா என்று பார்க்க வேண்டும். படிக்கட்டில் சிமென்ட் மூட்டை அடுக்கக் கூடாது. மாடியில் இருப்பவர் ஓடி இறங்க வேறு வழி இருக்காது.

ஊரில் அப்பாவின் கடை வரிசை இருக்கிறவர்கள் அடுத்த முறை போகும்போது, மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே ஒவ்வொரு கடையாக நுழைந்து, எந்த மாதத்தில் வியாபாரம் மந்தம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேஸ்திரியிடம் எஸ்டிமேட் கேட்பது அதற்குப் பிறகு.